வைரஸ் புரளியை அனுப்பியவரைத் திட்டாதீர்கள், கேட்க ஓர் இடம் கொடுங்கள்

அலுவலகங்களை நடத்துகிறவர்களுக்கும் ஐடி பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

“இந்தத் தலைப்பில் மெயில் வந்தால் திறக்காதீர்கள். திறந்தால் ஹார்ட் டிஸ்க் மொத்தமும் அழிந்துவிடும். எந்த ஆன்டிவைரஸாலும் பிடிக்க முடியாது. தெரிந்த எல்லோருக்கும் உடனே அனுப்புங்கள்.” இப்படியொரு மெயில் அலுவலகத்தில் சுற்றி ஓய்ந்ததும் வழக்கமாக நடப்பது என்ன? முதலில் அனுப்பியவர் ஒரு வாரம் கேலிக்கு ஆளாவார். அல்லது பெயர் சொல்லாமல் அவரையே குத்தும் சுற்றறிக்கை ஒன்று வரும். அடுத்த புரளியை இரண்டுமே தடுப்பதில்லை.

அவர் முட்டாள் அல்ல. கூட வேலை பார்ப்பவருக்குக் கேடு வந்துவிடக் கூடாதே என்று பதறினார். புரளி எழுதுகிறவன் நம்பியிருப்பதும் அந்தப் பதற்றத்தைத்தான். அவன் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. பரப்பும் வேலையைப் படிப்பவரே பார்த்துக்கொள்கிறார்.

இது பழைய தந்திரம். 1994 இறுதியில் ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்புள்ள மெயிலைப் படித்தாலே கணினி பாழாகும் என்று ஒரு எச்சரிக்கை கிளம்பியது. அதே டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் கணினிப் பாதுகாப்புக் குழு அது புரளி என்று அறிவித்தது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் சுற்றியது. அதன் ஒரு வடிவம், எச்சரித்தது அமெரிக்காவின் எஃப்.சி.சி. என்றது. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அந்த அமைப்புக்கு வைரஸ் எச்சரிக்கை விடுவதா வேலை? இந்த ஒரு கேள்வியே பாதிப் புரளிகளை உடைத்துவிடும்.

வெறும் பயத்தோடு நிற்காத வகையும் உண்டு. 2001-இல், நீண்ட கோப்புப் பெயர்களை மீட்டுத் தரும் விண்டோஸ் கருவி ஒன்றை வைரஸ் என்று சொல்லி அழிக்கச் சொன்னார்கள். மறு ஆண்டு, கரடிப்பொம்மை ஐகானோடு இருந்த ஜாவா தொடர்பான கோப்புக்கும் அதே கதி. மெயில் சொன்ன இடத்தில் தேடினால் கோப்பு இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது விண்டோஸோடு வந்தது. “ஐயோ, எனக்கும் வந்துவிட்டது” என்று பலர் தங்கள் கையாலேயே அழித்தார்கள். எனக்கு இந்த வகைமேல்தான் ஆத்திரம் அதிகம்.

உண்மையான எச்சரிக்கை இப்படி இருக்காது. அதில் தேதி இருக்கும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன திருத்தம் என்று இருக்கும். வெளியிட்டவரின் தளத்திலும் அதே அறிக்கை கிடைக்கும். எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்யுங்கள் என்று கெஞ்சாது. புரளியில் “நேற்று அறிவித்தார்கள்” என்றிருக்கும். எந்த நேற்று என்று யாருக்கும் தெரியாது.

அதற்காக மெயிலால் ஆபத்தே இல்லை என்று ஊழியர்களிடம் சொல்லிவிடாதீர்கள். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு வந்தது நிஜமான தொற்று. அட்டாச்மென்ட்டைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் தானே பாய்ந்தது. தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, புரளியானாலும் வைரஸானாலும்.

ஆகவே கேட்பது இதுதான். சந்தேகம் வந்தால் அனுப்பிக் கேட்க ஒரே ஒரு முகவரி வையுங்கள்; மணிக்கணக்கில் காக்க வைக்காமல் அங்கிருந்து பதில் வர வேண்டும். அனைவருக்கும் அனுப்பும் குழு முகவரியை ஓரிருவர் மட்டும் பயன்படுத்தட்டும். பதில் வரும்வரை மெயிலை யாருக்கும் அனுப்ப வேண்டாம், எந்தக் கோப்பையும் அழிக்க வேண்டாம், அதிலுள்ள லிங்க்கை அழுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏற்கெனவே அழித்தவர் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாமல் உங்களைக் கூப்பிடட்டும்.

புரளி பரவிய பிறகு, அது யார் யாருக்குப் போனதோ அவர்களுக்கு மட்டும் இரண்டு வரி மறுப்பு போதும். ‘ரிப்ளை ஆல்’ அழுத்தி நூறு பேர் அறிவுரை சொன்னால், புரளியைவிட அந்த அறிவுரைகள்தான் இன்பாக்ஸை அடைக்கும். மறுப்பில் அனுப்பியவரின் பெயர் வேண்டாம். திட்டு வாங்கியவர், அடுத்த முறை நிஜமான வைரஸ் வந்தாலும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்.

இப்படிக்கு,
இத்தகைய மெயில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் உதவிப் பிரிவு ஊழியர்