பாப்பா அனுப்பின ஆடிஷன் லிஸ்ட்டைப் பார்த்தேன் டி

அன்புத் தோழிக்கு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதிலே போடலன்னு கோச்சுக்காத. படிச்ச அன்னிக்கே எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனா பாப்பா மியூசிக் காலேஜ் ஆடிஷனுக்கு வாசிக்கப்போற பீஸ் லிஸ்ட்டைப் பார்த்ததும் எழுந்து பியானோகிட்ட போய்ட்டேன், ஒவ்வொண்ணையும் கொஞ்சம் வாசிச்சு பார்த்துட்டு எழுதலாம்னு. அதுக்குள்ள மணிக்கட்டு வலி திரும்பி வந்து நாலு நாள் கீபோர்டைத் தொடவே முடியல. இப்ப பரவால்ல, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மெதுவா பாக் மட்டும் வாசிக்கிறேன். உனக்கு புது வேலை செட் ஆயிடுச்சுன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சப்ப மனசு நெறஞ்சுபோச்சு. அதைப் பத்தி அடுத்த லெட்டர்ல விலாவாரியா கேக்குறேன், இப்ப பாப்பா விஷயம்தான் மண்டைக்குள்ள ஓடுது.

நேராவே சொல்லிடுறேன். அந்த லிஸ்ட் நல்ல லிஸ்ட், ஆனா அது பாப்பாவோட லிஸ்ட் இல்ல.

பாக்ல சி ஷார்ப் மைனர் பிரெலூட் அண்ட் ஃபியூக், பீத்தோவன்ல வால்ட்ஸ்டைன் சொனாட்டாவோட ஃபர்ஸ்ட் மூவ்மென்ட், அதாவது முதல் பகுதி, ஷோபான்ல ஓபஸ் 10 நம்பர் 3 எட்யூட், கடைசியா புரோகோஃபியெவ் டொக்காட்டா. யாரோ பெரிய பெரிய ஆளுங்க வாசிச்ச வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு எழுதின மாதிரி இருக்கு. ஆசைப்படுறது தப்பே இல்ல, நாமளும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தோம். ஆனா பேனல்ல உட்கார்ந்திருக்கவங்க இந்தப் பொண்ணு எவ்ளோ கஷ்டமான பீஸை எடுத்திருக்கான்னு கணக்கு போட மாட்டாங்க டி. இவ காது எப்படி இருக்கு, ஒரு லைனை எப்படி இழுத்துட்டுப் போறா, சொல்லிக்குடுத்தா புரிஞ்சிக்குவாளா, இதைத்தான் பார்ப்பாங்க.

முதல்ல பாக். ஃபியூக்னா ஒரே மெலடியைப் பல குரல்கள், அதாவது தனித்தனி லைன்கள், ஒண்ணு பின்னாடி ஒண்ணா எடுத்துப் பின்னிட்டுப் போறது. அவரோட வெல்-டெம்பர்டு கிளேவியர் ரெண்டு புக்லயும் சேர்த்து 48 ஃபியூக் இருக்கு, அதுல அஞ்சு குரல் உள்ளது ரெண்டே ரெண்டுதான், ரெண்டுமே 1722ல வந்த முதல் புக்ல இருக்கு, அந்த ரெண்டுல ஒண்ணைத்தான் இவ எடுத்திருக்கா. கேக்க கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும், எனக்கும் உயிர்தான். ஆனா அஞ்சு குரலையும் தனித்தனியா காதுல பிடிச்சுட்டு மனப்பாடமா வாசிக்கிறதுக்கு வருஷக்கணக்கா பழகணும். மூணு குரல் ஃபியூக் ஒண்ணு போதும், சி மைனரோ டி மைனரோ. அதுல ஒவ்வொரு குரலையும் தனியா பாடிக் காட்ட முடியுதான்னு பாரு, பாட முடிஞ்சா ஆடிஷன்ல கை மறந்தாலும் காது காப்பாத்திடும்.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா என் ஆடிஷன்ல நடந்தது உனக்குத் தெரியும், ஆனா முழுசா நான் சொன்னதே இல்ல. சி மைனர் ஃபியூக்தான் வாசிச்சேன். அதுல நடுவுல வர்ற ஒரு எபிசோட், அதாவது மெயின் மெலடி இல்லாத இணைப்புப் பகுதி, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப வரும், ஆனா ரெண்டாவது தடவை வேற பக்கம் போகும். அந்த ரூம் ஏசில விரல் நுனி சில்லுன்னு மரத்துப்போயிருந்துச்சு, கீ எல்லாம் நான் பழகினதைவிட கனமா இருந்துச்சு, கை தன்பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு, ரெண்டாவது தடவை வரும்போது கை பழைய பாதையிலயே திரும்பிடுச்சு. அதனால முன்னாடி வாசிச்ச இடத்துக்கே வந்து நிக்கிறேன், மறுபடி அதே எபிசோட், மறுபடி அதே திருப்பம், வெளியே வர வழியே தெரியல. மூணாவது தடவை நானே கையை எடுத்துட்டு மடியில வெச்சுக்கிட்டேன். பேனல்ல ஒருத்தர் ரொம்ப மென்மையா, "பரவால்லம்மா, அடுத்ததுக்குப் போங்க"ன்னார். அந்த ஃபியூக்கை ஆறு மாசம் தினமும் வாசிச்சிருக்கேன் டி, ஆனா ஒரு நாள்கூட நடுவுல இருந்து ஆரம்பிச்சுப் பார்த்ததில்ல. எப்பவும் முதல்ல இருந்துதான்.

அதனால பாப்பாகிட்ட சொல்லு, ஒவ்வொரு பீஸ்லயும் ஏழெட்டு இடத்தைப் பென்சில்ல குறிச்சு வெச்சுக்கணும், நீ திடீர்னு ஒரு நம்பர் சொன்னா அந்த இடத்துல இருந்து அவ ஆரம்பிக்கணும். இடது கையை மட்டும் தனியா மனப்பாடமா வாசிக்க வரணும், அது வரலன்னா பீஸ் இன்னும் தெரியலன்னுதான் அர்த்தம்.

வால்ட்ஸ்டைனுக்கு வர்றேன். அந்த முதல் மூவ்மென்ட் ரிபீட்டோட 10, 11 நிமிஷம் வரும், எல்லா பீஸுக்கும் சேர்த்தே பாதி இடத்துல அவ்ளோ நேரம்தான் குடுப்பாங்க. அதைவிட பெரிய பிரச்சனை, ஆரம்பமே பியானிஸிமோ, ரொம்ப சன்னமான சத்தம், அதுல ஒரே கார்டை, சேர்த்து அடிக்கிற நோட்டுங்களை, திரும்பத் திரும்ப அடிக்கணும். பாப்பா பழகுறது நிமிர்ந்து நிக்கிற அப்ரைட் பியானோல, ஆடிஷன்ல இருக்கப்போறது படுக்கையா இருக்கிற பெரிய கிராண்ட். கிராண்ட்ல கீ முழுசா மேல வராமலே மறுபடி அடிக்கலாம், அதுக்குன்னு உள்ள ஒரு மெக்கானிசம் இருக்கு, 1821ல எரார்ங்கிற பியானோ கம்பெனி பேடன்ட் எடுத்தது. சாதாரண அப்ரைட்ல அது கிடையாது, கீ மேல வந்தாத்தான் அடுத்த அடி. அதனால அவ கை கத்துக்கிட்ட தூரமே வேற. டொக்காட்டாவும் அதே கதைதான், அதுவும் ஒரே டி நோட்டைத் திரும்பத் திரும்ப அடிச்சுத்தான் ஆரம்பிக்கும். நாலு பீஸ்ல ரெண்டு இப்படி இருந்தா அன்னிக்கு பியானோ கையோட ஒத்துப்போகலன்னா ரெண்டுமே கவுந்துடும்.

அதுக்குப் பதிலா பீத்தோவனோட ஓபஸ் 10 நம்பர் 3, டி மேஜர் சொனாட்டா பாக்கச் சொல்லேன், நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஷோபானோடது வேற. முதல் மூவ்மென்ட் பிரெஸ்டோ, வேகமும் துள்ளலும் அதுலயே இருக்கு. ரெண்டாவது லார்கோ, ரொம்ப நிதானமா போறது, டி மைனர், துக்கமா ஓடும். ரெண்டு வருஷம் முன்னாடி பாப்பா எனக்கு ஒரு ஸ்லோ மூவ்மென்ட் வாசிச்சுக் காட்டினா பாரு, ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவுல அவ காத்திருந்த அந்த அமைதி, நான் மூச்சு விடாம கேட்டேன். அது எல்லாருக்கும் வராது டி. இந்த லிஸ்ட்ல அதைக் காட்ட இருக்கிற ஒரே இடம் ஷோபான்தான், அதுலயும் சிக்கல் இருக்கு.

ஷோபானோட ஓபஸ் 10 நம்பர் 3 மெலடி அழகு, அவ நல்லாவே வாசிப்பா. ஆனா எட்யூட்னு கேக்குறது விரல் டெக்னிக்கைப் பார்க்கத்தான், அதனால நிறைய காலேஜ்ல இந்த ஸ்லோ எட்யூடுகளை, இதையும் ஓபஸ் 10 நம்பர் 6, ஓபஸ் 25 நம்பர் 7 இதுங்களையும், கணக்குல சேர்த்துக்க மாட்டாங்க. அப்ளை பண்ற ஒவ்வொரு காலேஜ் ரூல்ஸையும் ஒரு எழுத்து விடாம படிங்க. அவ கை சின்னதுதானே, பெருசா விரிக்கிற எட்யூட்லாம் எடுத்து கையைக் கெடுத்துக்க வேண்டாம், என் மணிக்கட்டே போதும் உதாரணத்துக்கு. ஓபஸ் 25 நம்பர் 2, எஃப் மைனர், அவ கைக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். விரல் பக்கத்துப் பக்கத்துலயே ஓடும், வேகம் உண்டு, ஆனா சத்தம் போடாத வேகம், காதுகிட்ட ரகசியம் பேசுற மாதிரி.

புரோகோஃபியெவ் வேணும்னு அடம்பிடிச்சா ஓபஸ் 22ல 20 குட்டி பீஸ் இருக்கு, அதுல மூணோ நாலோ ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி தேர்ந்தெடுத்து சேர்த்து வாசிக்கலாம். சின்னச் சின்னதா எடுக்கக் கூடாதுன்னு காலேஜ் சொல்லலன்னா எனக்கு டொக்காட்டாவைவிட இதுதான் பிடிக்கும்.

எதை முதல்ல வாசிக்கணும்னு பெரும்பாலும் நம்மளையே கேப்பாங்க. எட்யூடை ஆரம்பத்துல வெக்கவே வேண்டாம், குளிர்ந்த கையோட அது வேலைக்கு ஆகாது. நடுவுல நிறுத்தச் சொன்னா பயப்பட வேண்டாம்னு இப்பவே அவளுக்குச் சொல்லி வை, கேக்க வேண்டியதைக் கேட்டுட்டாங்கன்னுதான் அதுக்கு அர்த்தம், அவங்களுக்கு வரிசையா ஆளுங்க காத்துட்டு இருப்பாங்க. ஆடிஷனுக்கு முன்னாடி எப்படியாவது நாலஞ்சு தடவை ஒரு கிராண்ட்ல உட்கார வெச்சுடு, வேற வேற ரூமா இருந்தா இன்னும் நல்லது.

இதெல்லாம் நான் சொன்னேன்னு அவகிட்ட அப்படியே ஒப்பிக்காத டி, மனசு ஒடிஞ்சிடுவா. லார்கோ மட்டும் ஒரு வாரம் வாசிச்சுப் பாருன்னு சொல்லு. காலைல எழுந்ததும், கை சூடாகுறதுக்கு முன்னாடி, ஒரே தடவை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பச் சொல்லு. தப்பு வந்தாலும் நிறுத்த வேண்டாம், திரும்ப எடுக்கவும் வேண்டாம். நான் கேட்டுட்டு அவளுக்கே தனியா எழுதுறேன்.

உன்
பழைய தோழி