தம்பியின் மளிகைப் பட்டியலுக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய மளிகைப் பட்டியலும் கிடைத்தன. இனி உடம்பைக் கவனிக்கப் போவதாகவும், வாழ்க்கையைக் கொஞ்சம் எளிமையாக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் பட்டியல் வேறு கதை சொல்கிறது. பழைய சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்குக் கீழே சியா விதை, நார்ச்சத்து பிஸ்கட், புரோட்டீன் பார், சர்க்கரை சேர்க்காத ஜூஸ் என்று புதிதாக ஒரு வரிசை முளைத்திருக்கிறது. போதாக்குறைக்கு 'இன்னும் என்ன சேர்க்கலாம் அக்கா?' என்று ஒரு கேள்வி வேறு. சேர்ப்பது இருக்கட்டும், முதலில் எதை விடலாம் என்று பார்ப்போம்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்றால் எல்லோரும் சாப்பிடும் நேரத்தைத்தான் நினைக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பசிக்கிறது, அலமாரியில் சிப்ஸ் பாக்கெட் இருக்கிறது என்றால் அதைப் பிரிக்கத்தான் செய்வோம். அந்த நேரத்தில் மனவுறுதியைப் பற்றிப் பேசி என்ன பயன்? அந்தப் பாக்கெட் கடையிலேயே கூடைக்குள் விழாமல் இருந்திருக்க வேண்டும். கடையில் அரை மணி நேரம் கறாராக இருப்பது எளிது. வீட்டில் நாள் முழுக்க இருப்பதுதான் பெரும்பாடு.

கடைக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் பட்டியலை நீட்டினால் கடைப் பையன் சாமானை எடுத்துக் கட்டித் தருவான். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளரே அலமாரிகளுக்கு நடுவில் நடந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். பட்டியலில் இல்லாததெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது அப்படித்தான். அப்புறம் 1937-ல் ஓக்லஹோமாவில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன் ஒன்றைக் கவனித்தார்: கையிலிருக்கும் கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்காக அவர் கொண்டுவந்ததுதான் சக்கரம் வைத்த தள்ளுவண்டி. ஆகவே, அரிசி, எண்ணெய் போன்ற கனமான சாமான் வாங்கும் நாளைத் தவிர மற்ற நாட்களில் வண்டியைத் தொடாதே. கூடையை எடு. கை வலிக்கத் தொடங்கினால் பில் போடும் இடத்துக்குப் போய்விடு.

இப்போது அந்த நார்ச்சத்து பிஸ்கட்டுக்கு வருகிறேன். பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிரும் பச்சை இலையும் இருக்கும். அது விளம்பரம், திருப்பிப் பின்பக்கத்தைப் பார். சேர்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது உலக அளவில் உள்ள நடைமுறை. இந்த வகையில் பல பாக்கெட்டுகளில் முதலில் மைதா நிற்கும், அடுத்து எண்ணெயோ சர்க்கரையோ. முன்பக்கத்தில் படம் போட்ட தானியம் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ எட்டிப் பார்க்கும். சர்க்கரை ஒரே பெயரில் வராது என்பதையும் கவனி. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும்; கூட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சத்து அட்டவணையில் 'ஒரு பரிமாறலுக்கு' (per serving) இவ்வளவு என்று போடும் கணக்கும் அப்படித்தான். அந்தப் பரிமாறல் இரண்டே பிஸ்கட்டாக இருக்கும். இரண்டோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை. 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும் பத்தியை மட்டும் படி. அதில் உப்புக்குப் பதில் சோடியம் என்று இருந்தால் இரண்டரையால் பெருக்கிக்கொள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது.

ஜூஸும் வேண்டாம். சர்க்கரை சேர்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழத்தைப் பிழிந்தபின் அதில் இருக்கும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரையோடுதான் சேர்த்து எண்ணுகிறது. பழமாகவே வாங்கு.

பிஸ்கட்டில் நார்ச்சத்து சேர்த்திருக்கிறார்களே, அப்புறம் என்ன என்று நீ கேட்பாய். 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு ஒரு சோதனை செய்தது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. சிறிய சோதனைதான். இருந்தாலும் பாக்கெட்டில் அச்சிட்ட சத்துக் கணக்கு மட்டும் நம்மைக் காப்பாற்றாது என்று எனக்குப் புரியவைத்தது அதுதான்.

அதற்காகப் பாக்கெட் என்றாலே விஷம் என்று கிளம்பிவிடாதே. அந்தக் கட்சியில் சேர்ந்தவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட முடியாது. உறைய வைத்த வெறும் பட்டாணி, தயிர், சர்க்கரை கலக்காத ஓட்ஸ் எல்லாம் தாராளமாக வாங்கலாம். வேலை முடிந்து களைத்து வரும் நாளில் அந்தப் பட்டாணிதான் உன்னை வெளிச் சாப்பாட்டிலிருந்து காப்பாற்றும்.

சேர்க்க வேண்டியது என்று ஒன்று உண்டு: காய்கறி. ஒரு நாளைக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது வேண்டும், உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. அப்படியென்றால் ஒருவருக்கு வாரத்துக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ. உன் பட்டியலில் ஒரு கிலோகூட இல்லை. வாங்கினால் அழுகிப்போகிறது என்கிறாய். மொத்தமாக வாங்காதே, வாரத்தில் இரண்டு தடவையாகப் பிரித்து வாங்கு. கீரையை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடு. தக்காளி, பீன்ஸ் அடுத்து. கேரட், முட்டைக்கோஸ், பூசணி பொறுமையாகக் காத்திருக்கும்.

பட்டியலை ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எழுது. உனக்குச் சமைக்கத் தெரிந்த ஐந்தாறு உணவுகளை முதலில் எழுதி, அவற்றுக்கு வேண்டியதை மட்டும் கீழே எழுது. என்றாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றும் சாமானை எழுதாதே. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதெல்லாம் பருப்புக்கும் சோப்புக்கும் சரி. பிஸ்கட்டுக்கு அது இரண்டு மடங்கு பிஸ்கட், அவ்வளவுதான்.

ஐஸ்கிரீமைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். சாப்பிடு. ஆசை வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போய், ஒரு கோன் வாங்கி, அங்கேயே நின்று ரசித்துச் சாப்பிட்டுவிட்டு வா. ஒரு லிட்டர் டப்பாவை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வராதே.

அன்புடன்,
அக்கா