மலாய் படிவம் நிரப்ப மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

"மலாய்மொழி நமக்குப் படிவம் நிரப்பவும் எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வில் தேறவும் இருந்தால் போதும்." கடந்த ஞாயிறு பதிப்பின் கட்டுரையில் வந்த வரி. எழுதியவர் இளைஞர், விட்டுவிடலாம். அதைத் தேடி எடுத்துப் பெரிய எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டது தாங்கள்தானே?

தமிழ்ப்பள்ளியில் மலாய் கற்பித்தே தலை நரைத்தவள் நான். "தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் இந்தப் பாடம்?" என்று நம்மவர்களே சலித்துக்கொண்டார்கள். ஓர் அலுவலக முகப்பிலோ, நான் வாய் திறந்ததும் "பண்டாய் சாக்காப் மெலாயு" (நன்றாக மலாய் பேசுகிறீர்களே) என்று வியந்தார்கள். இந்த மலேசியாவிலேயே பிறந்தவளுக்கு அந்தப் பாராட்டு ஏன் எரிந்தது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முன்ஷி அப்துல்லாவைத் தாங்கள் அறியாதவரல்ல. 1796இல் மலாக்காவில், அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தமிழும் படித்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலாய்க்காரர்களே அவரைக் கொண்டாடுகிறார்கள். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வீட்டில் பேசுவது மலாய். அவர்களும் படிவம் நிரப்பத்தான் பேசுகிறார்களா? சுமத்ராவில் பலெம்பாங் அருகே கிடைத்த 7ஆம் நூற்றாண்டுக் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் மொழி பழைய மலாய், எழுத்து பல்லவ எழுத்து. தொகையில் ஜாவானியர் அதிகமாக இருந்தும், 1928இல் இந்தோனேசிய இளைஞர்கள் ஒற்றுமைக்கான மொழியாக ஏற்றது மலாயைத்தான். சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகளும் நாட்டுப்பண்ணை மலாயில்தான் பாடுகிறார்கள். இத்தனையும் தங்கள் பெட்டிக்குள் அடங்கவில்லை போலும்.

சென்னையில் வெளியாகும் நூலுக்குத் தங்கள் இதழில் அரைப்பக்கம் உண்டு. மலாயில் கதை எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி உண்டா? இதைப் பற்றி முன்பே எழுதினேன். பாதியை வெட்டி, மீதியைப் "பாராட்டு" என்ற தலைப்பில் போட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

இப்போது கேட்பது சிறு விஷயம். மாணவர் பகுதியில் மலாய்ப் பயிற்சிகளின் விடைகள் தப்பும் தவறுமாக வருகின்றன. ஆடுமாடுகளை எண்ணப் போடும் 'ஏக்கோர்' சென்ற மாதம் தலைமையாசிரியருக்குப் போயிருந்தது. அதைப் படித்த தலைமையாசிரியர்கள் பெருமைப்பட்டிருப்பார்கள். அச்சுக்குப் போகுமுன் மலாய் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். ஆள் கிடைக்காவிட்டால் நானே பார்த்துத் தருகிறேன், சம்பளம் வேண்டாம். வியாழக்கிழமைக்குள் பக்கத்தை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தெலுக் இந்தான், பேராக்