மின்பாதைப் பழுதைத் தேடும் முறையை மாற்றக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கம்பியாளர் ஒருவரும், இப்பாதையின் மின் நுகர்வோரும்

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகக் கோட்டம்

பொருள்: 11 கே.வி. மின்பாதை ட்ரிப் ஆகும்போது பிரேக்கரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைத் தவிர்த்து, பழுது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிகளைப் பொருத்தக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தூறல் விழுந்தால் எங்கள் ஃபீடர், அதாவது இந்த 11 கே.வி. மின்பாதை, ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடுகிறது. அதற்காக இந்த மனு இல்லை. கம்பியும் கம்பமும் இருக்கிறவரை பழுது வரத்தான் செய்யும்; அந்த வேலையிலேயே முடி நரைத்தவன் நான். ட்ரிப் ஆன பிறகு பழுதைத் தேடுகிற விதம்தான் எங்கள் குறை.

அண்மையில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். ஃபீடர் ட்ரிப் ஆனதும் துணை மின் நிலையத்தில் பிரேக்கரை (பழுது வந்தால் பாதையைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சை) போட்டார்கள், நிற்கவில்லை, உடனே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டார்கள்; வீட்டு விளக்குகள் ஒரு கணம் எரிந்து அணைந்தன. அப்புறம், பாதையை இடையில் பிரிக்கக் கம்பத்தில் இருக்கும் ஒரு ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டுப் போட்டார்கள். அதற்கும் நிற்கவில்லை, அடுத்த சுவிட்ச். இப்படிப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து மின்சாரத்தை விட்டுப் பார்த்து, விடிகிற நேரத்தில்தான் கோளாறு எந்தக் கிளையில் என்றே தெரிந்தது. அந்தக் கிளையில் இரண்டு பேர் டார்ச் அடித்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்தார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. வெயில் ஏறியதும் பிரேக்கரைப் போட்டார்கள், நின்றுவிட்டது. சரி, போயிற்று என்று விட்டார்கள். அடுத்த தூறலில் மறுபடியும் அதே கதை.

கடைசியில் சிக்கியது, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான், ஒரு ‘பின் இன்சுலேட்டர்’ (pin insulator). கழற்றி இறக்கியபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கம்பியைக் கட்டும் பள்ளத்துக்குக் கீழே, பீங்கானில் முடியளவு ஒரு விரிசல். அதன் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கருகல். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. காய்ந்திருக்கும்போது மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்தால்கூட நல்லது என்று சொல்லிவிடக்கூடும். ஈரம் உள்ளே இறங்கினால்தான் அந்த விரிசல் வழியாக மின்சாரம் இரும்புக்கும் அங்கிருந்து தரைக்கும் பாயும். இதை டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவில்லை என்று அந்தப் பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பிரேக்கரை ஒரு முறை மறுபடி போடுவதில் தவறில்லை. மேல்நிலைப் பாதைகளில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை மரக்கிளை உரசுவது, பறவை மோதுவது போன்று வந்த வேகத்தில் விலகிவிடுபவை. அதன் பிறகும் போட்டுக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் பாயும் ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்கள் உதறப்படுகின்றன. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்கு. பிரேக்கரின் காண்டாக்டும் தேய்கிறது. அதைவிடப் பெரிய கவலை அறுந்து விழுந்த கம்பி. காய்ந்த மணலிலோ தார்ச் சாலையிலோ கம்பி கிடந்தால் சில ஆம்பியர் மட்டுமே ஓடலாம். பழுதை உணர்ந்து பிரேக்கரை விழவைக்கும் ரிலேக்கு அது வழக்கமான சுமையிலிருந்து வேறாகத் தெரியாது. பிரேக்கர் நின்றுவிட்டது என்று இங்கே நிம்மதி அடையும்போது, அங்கே மின்சாரம் உள்ள கம்பி தரையில் கிடக்கும். ‘நின்றுவிட்டது’ என்பதைப் பழுது தீர்ந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பழுது எங்கே என்பதற்கான துப்பு பெரும்பாலும் துணை மின் நிலையத்திலேயே கிடக்கிறது. டிஜிட்டல் ரிலே, ட்ரிப் ஆன கணத்தில் எந்த ஃபேஸ், எத்தனை ஆம்பியர் என்று பதிந்து வைக்கிறது. வோல்டேஜும் அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தால் பழுது வரைக்குமான கம்பியின் மின்தடையை ஓம் கணக்கில் போடலாம். பாதைக்குக் கிலோமீட்டருக்கு 0.35 ஓம், கணக்கில் வந்தது 2.8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 8 கிலோமீட்டர். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று பட்ட பழுதுக்கு இந்தக் கணக்கு ஓரளவு நம்பகமாக இருக்கும். கம்பியிலிருந்து தரைக்கு மின்சாரம் பாயும் எர்த் ஃபால்ட்டில் மண்ணின் தடையும் மரத்தின் தடையும் சேர்ந்து கொஞ்சம் தள்ளிக் காட்டும். பரவாயில்லை, எங்கிருந்து நடக்கத் தொடங்குவது என்பதற்காவது உதவும். இன்று அந்த எண் பதிவேட்டுக்குப் போவதோடு சரி, கம்பத்தடியில் நிற்கிறவர் கைக்கு வருவதில்லை. ட்ரிப் ஆனதும் அதைப் பாதையில் இருப்பவருக்குத் தொலைபேசியில் சொல்ல உத்தரவிட வேண்டுகிறேன். இதற்குச் செலவே இல்லை.

ஆனால் எங்கள் பாதை நேர்க்கோடு அல்ல. 8 கிலோமீட்டர் என்றால் ஒரே தூரத்தில் மூன்று கிளைகளில் மூன்று இடங்கள் வருகின்றன. அங்கேதான் ஃபால்ட் இண்டிகேட்டர் வேண்டும். கம்பியில் கவ்வவிடும் சின்னக் கருவி அது. பழுது மின்னோட்டம் தன்னைக் கடந்து போனால் சிவப்பு விளக்கு சிமிட்டும். கடக்காவிட்டால் சும்மா இருக்கும். கிளை பிரியும் இடங்களில் மாட்டிவிட்டால், இருட்டில் தூரத்திலிருந்தே எந்தப் பக்கம் சிமிட்டுகிறது என்று பார்த்துத் திரும்பலாம். கடைசியாகச் சிமிட்டும் கருவிக்கும் அதற்கடுத்து அமைதியாக இருக்கும் கருவிக்கும் நடுவில்தான் பழுது. ரிலே தூரத்தைச் சொல்லும், இண்டிகேட்டர் திசையைச் சொல்லும். மின்னோட்டம் மிகக் குறைவான பழுதுகளை இதுவும் கோட்டைவிடும் என்பதையும், பேட்டரியை அவ்வப்போது கவனிக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

உயர் அழுத்த டவர் லைன்களில், பழுதிலிருந்து கிளம்பும் அலை இரு முனைகளையும் அடையும் நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தால் அளந்து இடத்தைச் சொல்கிறார்கள். மைக்ரோ வினாடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடும் அலை அது. நாங்கள் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை.

பாதையின் கடைசிப் பகுதி புதைவடம், அதாவது தரைக்கடியில் புதைத்த கேபிள். அங்கே பழுது வந்தபோது உத்தேசமாகப் பல இடங்களில் பள்ளம் தோண்டினார்கள். கேபிள் சோதனை வண்டி வந்தால், முதலில் மின்துடிப்பு அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் பார்க்கலாம். பிறகு உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்து, பழுதில் எழும் சத்தத்தைத் தரைக்கு மேலிருந்து கேட்டுச் சரியான இடத்தைக் குறிக்கலாம். வரும் தூரம் கேபிள் போகும் வழியின் நீளம் என்பதால், அது எப்படி வளைந்து போகிறது, ஜாயிண்ட் எங்கே என்ற வரைபடம் இல்லாவிட்டால் வண்டி வந்தும் பயனில்லை. அந்த வரைபடத்தை இப்போதே தயாரிக்கச் சொல்ல வேண்டும். புதைத்தவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள்.

ஆகவே, கிளை பிரியும் மூன்று இடங்களிலும் மழைக்காலத்துக்கு முன் ஃபால்ட் இண்டிகேட்டர் பொருத்தவும், இரண்டாவது முறையும் ட்ரிப் ஆனால் பாதையைப் பார்வையிடாமல் பிரேக்கரைப் போடக் கூடாது என்று எழுத்து மூலம் அறிவுறுத்தவும் வேண்டுகிறோம். கிளைகளையும் கம்ப எண்களையும் குறித்து நான் கையால் வரைந்த படத்தை மனுவோடு சேர்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு கம்ப எண்கள் மாறியிருக்கலாம். பொருத்த வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் நானும் வருகிறேன்; கம்பத்தில் ஏற உடம்பு இடம் கொடுக்காது, கீழே நின்று இடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கம்பியாளர்
(மின் நுகர்வோரின் கையொப்பங்கள் பின்பக்கத்தில்)