முஷோவ் வழியா போற நம்ம ஆளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

செக் நாட்டு ப்ர்னோவுலயும் ஆஸ்திரியாவோட வியன்னாவுலயும் இருக்குற தமிழ் நண்பர்களுக்கும், முக்கியமா வீக்எண்ட் ட்ரிப் ஏற்பாடு பண்ற குரூப் அட்மின்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச நாள் முன்னாடி நம்மாளுங்க குரூப் ஒண்ணுல ஒரு வீடியோ சுத்திச்சு. ஏரி நடுவுல தனியா ஒரு சர்ச், பின்னாடி பேய்ப்பட மியூசிக், மேல "செக் நாட்டின் மர்மத் தீவு"ன்னு தலைப்பு. கீழ பத்து பேரு இது எங்க இருக்கு, போட் கிடைக்குமா, இறங்கிப் பாக்கலாமா, ட்ரோன் விடலாமான்னு கேட்டிருந்தாங்க. அதுக்குள்ளயே பதில் எழுத ஆரம்பிச்சேன், எழுத எழுத நீண்டு போச்சு, அதான் எல்லாருக்கும் பொதுவா இங்க எழுதுறேன்.

அதுல மர்மம் எதுவும் இல்லைங்க. அது ஒரு ஊரு. பேரு முஷோவ். டியே ஆத்தங்கரையில இருந்த ஊரு, இப்போ தண்ணிக்கடியில இருக்கு. நீங்க பாக்குற சர்ச் அந்த ஊரோட செயின்ட் லின்ஹார்ட் கோயில், மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான்.

மேப்பை எடுத்து பாத்தீங்கன்னா புரியும். ப்ர்னோவுக்கு தெக்க முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர். மேக்கேர்ந்து டியே வருது, வடக்கேர்ந்து யிஹ்லவாவும் ஸ்வ்ராட்காவும் வந்து சேருது, மூணு ஆறு கூடுற பள்ளம் அது. தெக்கால பாலவா மலை, சுண்ணாம்புக்கல்லு மலை, உசரமே ஏறத்தாழ 550 மீட்டர்தான், ஆனா சுத்தி எல்லாம் சமவெளிங்கிறதால பெருசா நிமிந்து நிக்கும். பனி உருகுற நேரத்துல ஆறு பெருகி வயக்காடு, புல்வெளி, ஓக் மரக்காடு எல்லாத்துலயும் தண்ணி ஏறும், வடிஞ்சா வண்டல் நிக்கும். அந்த ஜனங்க வெள்ளத்தோடயே வாழ்ந்தாங்க, வெள்ளம்தான் அவங்க நிலத்துக்கு உரம். வியன்னாவுலேர்ந்து ப்ர்னோ போற பழைய ராஜபாட்டை ஆத்தைத் தாண்டுற இடமும் முஷோவ்தான், ஊரு அங்க உண்டானதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த இடத்தோட அருமை தெரிஞ்ச முதல் ஆளுங்க முஷோவ்காரங்க இல்ல. ஊருக்குப் பக்கத்துல ஹ்ராடிஸ்கோன்னு ஒரு குன்று இருக்கு, அது தண்ணிக்கு மேலதான் இருக்கு. கி.பி. 170கள்ல ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் மார்கோமன்னி, குவாடிங்கிற ஜெர்மானியக் கூட்டங்களோட சண்டை போட்டப்போ ரோமப் படை அங்க முகாம் போட்டு கோட்டை கட்டியிருக்கு. எப்படித் தெரியும்னா, செங்கல்லுலயும் ஓட்டுலயும் பத்தாவது லீஜியனோட, அதாவது ரோமப் படைப்பிரிவோட முத்திரை அப்படியே இருக்கு. அந்தப் படையோட நிரந்தர முகாம் விண்டோபோனா, அதாவது இன்னைக்கு வியன்னா. டான்யூபைத் தாண்டி இவ்வளவு வடக்க வந்து குளியலறையோட கட்டடம் கட்டி உக்காந்திருக்காங்க. 180ல மார்க்கஸ் ஆரேலியஸ் செத்ததும் மகன் கொம்மோடஸ் சமாதானம் பேசிட்டாரு, படை திரும்பிப் போயிடுச்சு.

அதைவிட எனக்கு ஆச்சரியம், 1988ல முஷோவ் பக்கத்துல கண்டுபிடிச்ச கல்லறை. ரோமர்கள் காலத்துல இந்தப் பக்கம் ஆண்ட ஒரு ஜெர்மானிய அரசனோடதுன்னு சொல்றாங்க. பழங்காலத்துலயே திருடங்க கை வச்ச கல்லறைதான், அப்படியும் மிச்சம் கிடைச்சது கண்ணைப் பறிக்குது. மிகுலோவ் ஊரு கோட்டை மியூசியத்துல இருக்கு. தயவுசெஞ்சு அந்த வெண்கல அண்டா முன்னாடி அஞ்சு நிமிஷம் நில்லுங்க. விளிம்புல நாலு பக்கமும் நாலு தலை, வளையம் மாட்டுறதுக்காக வச்சது. தாடி வச்ச ஆம்பளைங்க, முடியை ஒரு பக்கமா வாரி காதுக்கு மேல குடுமியா முடிஞ்சிருக்காங்க. ஸ்வேபிக்ங்கிற ஜெர்மானியக் கூட்டத்து ஆம்பளைங்க இப்படித்தான் குடுமி போடுவாங்கன்னு ரோமர்கள் எழுதி வச்சிருக்காங்க, அதை வெண்கலத்துல பாக்குறோம். நான் குனிஞ்சு பக்கத்துல போய் பாத்தேன், தாடி ஒவ்வொரு இழையா கோடு போட்டு செதுக்கியிருக்கு, நெத்தி சுருங்கியிருக்கு. அந்தாளு கோவமா இருக்காரா களைச்சுப்போயிருக்காரான்னு எனக்கு இன்னும் பிடிபடல.

சரி, ஊருக்கு வர்றேன். நடுக்காலத்துலேர்ந்து இங்க விவசாய ஊரு. ஜெர்மன் பேசுறவங்கதான் அதிகம், அவங்க வாய்ல ஊரு பேரு முஷாவ். 1938ல மியூனிக் ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்தப் பக்கத்தை ஹிட்லரோட ஜெர்மனி எடுத்துக்கிச்சு. யுத்தம் முடிஞ்சதும் 1945, 46ல ஜெர்மன்காரங்களை வெளியேத்தினாங்க, காலி வீடுகள்ல செக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேத்தினாங்க. ஆக, ஊரு ஒரு தடவை அப்பவே காலியாயிருக்கு, இந்த விஷயத்தை யாருமே வீடியோவுல சொல்றதில்ல.

ரெண்டாவது தடவை அணைக்காக. நோவே ம்லீனி அணைத் திட்டம், அந்தப் பேருக்கு அர்த்தம் புது ஆலைகள். வெள்ளத்தைத் தடுக்க, பாசனத்துக்குத் தண்ணி சேக்க 1970கள்ல ஆரம்பிச்சு 1989 வரைக்கும் மூணு ஏரிகளா கட்டினாங்க. மூணும் சேந்தா ஏறத்தாழ 3,200 ஹெக்டேர். ஆத்தோர ஓக் காட்டையெல்லாம் வெட்டினாங்க, நடு ஏரி வர்ற இடத்துல முஷோவ். ஜனங்களை அக்கம்பக்கத்து ஊருக்கு அனுப்பி வீடுங்களை இடிச்சாங்க, சர்ச்சை மட்டும் பழமையான கட்டடம்னு விட்டுட்டாங்க. அது நின்ன மேடு தீவாயிடுச்சு.

என் கூட வேலை பாக்குறவரோட தாத்தா முஷோவ்ல வளந்தவரு. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிட்டு கரைக்குப் போனோம். காத்து பயங்கரமா அடிச்சுது, அவரு கையில ஊன்றுகோல். அதைத் தண்ணிப்பக்கம் நீட்டி, சர்ச்சுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு வீடா சொல்லிட்டு வந்தாரு, இது பேக்கரி, இது எங்க வீடு, இதுக்குப் பின்னாடி கிணறு, இங்கேர்ந்து ஆத்துக்கு இறங்குற பாதை. ஊன்றுகோல் மெதுவா நகந்துச்சு, தெருவுல நடக்குற வேகத்துலயே. ஒரு இடத்துல நிறுத்திட்டு, எங்க வீட்டு வாசக்கால் மேல வேற ஒருத்தர் பேரு ஜெர்மன்ல செதுக்கியிருந்துச்சு, எங்கப்பா அதை அழிக்கவே இல்லன்னு சொன்னாரு. மொழிபெயர்த்து சொல்லிட்டு இருந்த பேரன் அந்த இடத்துல கொஞ்ச நேரம் பேசல.

இதுக்கப்புறம் அந்த வீடியோவை எப்படிங்க பாக்குறது.

அதனால கேட்டுக்குறது இதான். ஊரு பேரைச் சொல்லுங்க. கேப்ஷன்ல "பேய் சர்ச்" போட்டா வியூஸ் ஏறும்னு எனக்கும் தெரியும், ஆனா அங்க பொறந்து வளந்த ஜனங்க இன்னும் உசுரோட இருக்காங்க, பாசொஹ்லாவ்கியில, சுத்துப்பட்டு ஊருங்கள்ல. அதே மாதிரி தீவுல இறங்க வழி தேடாதீங்க, ட்ரோனும் வேண்டாம். நடு ஏரி 1994லேர்ந்து இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. 1990கள்ல அங்க தண்ணி மட்டத்தைக் குறைச்சு சின்னச் சின்னத் திட்டுகள் வெளிய வர்ற மாதிரி பண்ணினாங்க, ஆலான்னு சொல்ற நீர்ப்பறவைங்க அதுல கூடு கட்டுது. குளிர்காலத்துல வடக்கேர்ந்து காட்டு வாத்துங்க ஆயிரக்கணக்குல வந்து இறங்கும், வெள்ளை வால் கழுகும் வரும். பாசனத்துக்காக மட்டத்தை ஏத்தணும்னு ஒரு பக்கமும் பறவைங்களுக்காக வேண்டாம்னு ஒரு பக்கமும் அந்த ஊர்க்காரங்களுக்குள்ள வருஷக்கணக்கா வாக்குவாதம் நடந்திருக்கு. அதுக்கு நடுவுல நாம ஒரு ட்ரோனை விட்டு கூட்டைக் கலைக்கணுமா?

குழந்தைங்களோட பாசொஹ்லாவ்கி வாட்டர் பார்க்குக்குப் போறீங்க, போங்க, நானும் போயிருக்கேன், 2013லேர்ந்து இருக்கு. அங்க இருக்குற வெந்நீரே முஷோவ் மண்ணுல ஆயிரம் மீட்டருக்கும் கீழ துளை போட்டு எடுக்குறதுதான். ஆனா நாள் முழுக்க அங்கயே கழிக்காம, ஒரு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. ஹ்ராடிஸ்கோ அடிவாரத்துல ரோமர்கள் பத்தின விசிட்டர் சென்டர் இருக்கு, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். மிகுலோவ் மியூசியத்துக்கு அங்கேர்ந்து கார்ல கொஞ்ச நேரம்தான். அட்மின்கள் உங்க ட்ரிப் பிளான்ல "முஷோவ்"னு ஒரு வரி சேத்தீங்கன்னா போதும், மத்ததை நான் வந்து சொல்றேன், எந்த சனிக்கிழமைன்னாலும் சரி.

பஸ்ல போறவங்களுக்கு ஒண்ணு. ப்ர்னோவுலேர்ந்து வியன்னா போறப்போ ரோடு மேல் ஏரிக்கும் நடு ஏரிக்கும் நடுவுல கரை மேல போகும், ரெண்டு பக்கமும் தண்ணி. கடக்க ரெண்டு மூணு நிமிஷம்கூட ஆகாது. இடது பக்க ஜன்னல்ல உக்காருங்க.