‘குடியிருப்பு’ என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய மாலே அதுமிம் பற்றி உங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் அண்மையில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். ‘சர்ச்சைக்குரிய குடியிருப்பில் 3,400 புது வீடுகள்’ என்று தலைப்பு. இதைப் படிக்கும் நம் ஆட்களுக்கு என்ன தோன்றும்? காவலர் குடியிருப்பு, ரயில்வே குடியிருப்பு மாதிரி நாலு வரிசை வீடு, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் ஒரு பெயர்ப்பலகை. 2019 வரை எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் நானும் என் மனைவியும் புனிதப் பயணம் போனோம். பெத்தானியாவில், இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஜெருசலேமிலிருந்து பெத்தானியா ஏறக்குறைய இரண்டு மைல் என்று யோவான் நற்செய்தியில் இருக்கிறது. ஒலிவ மலைக்கு அந்தப் பக்கம்தான், நடந்தே போய்விடலாம். எங்கள் பேருந்தோ ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, மறுபக்கம் பாலைவனத்தில் வெளிவந்து, சோதனைச் சாவடியைத் தாண்டி, எரிகோ நெடுஞ்சாலையில் இறங்கி, ஒரு பெரிய சந்திப்பில் திரும்பி, மறுபடி மேற்கே ஏறி அந்த ஊரை அடைந்தது. பத்து கிலோமீட்டருக்கு மேல் சுற்று. நேர்ப்பாதையின் குறுக்கே கான்கிரீட் சுவர் நிற்கிறது. நான் 34 வருடம் சர்வேயராக இருந்தவன். எங்கே போனாலும் தூரத்தையும் மேடு பள்ளத்தையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே போவேன். வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்குவேன்.

அந்தச் சந்திப்பில் பேருந்து நின்றபோது எதிரே மலைமுகடு முழுக்க வெளிர் நிறக் கல் கட்டடங்கள். அதுதான் மாலே அதுமிம். சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக இறங்குகின்றன. பனைமரங்கள், விளக்குக் கம்பங்கள், வளைந்து ஏறும் அகலமான சாலை. “என்னங்க, இவ்வளவு பெரிய ஊரா இருக்கே, இது வேதத்துல வருதா?” என்றாள் மனைவி. பெயர் வருகிறது. யோசுவா புத்தகம் 15ஆம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்தின் எல்லையைச் சொல்லும் இடத்தில் அதும்மீம் மேடு வரும். அங்குள்ள பாறையின் செந்நிறத்தால் வந்த பெயர் என்பார்கள். ஊர் வேதத்தில் வராது, அதற்கு என் மகனைவிட வயது குறைவு. வழிகாட்டி அதை ஜெருசலேமின் புறநகர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, நல்ல சமாரியன் சத்திரத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அந்தச் சத்திரமும் இதே சாலையில்தான் இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு அந்த ஊரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1967 போரில் மேற்குக் கரையை இஸ்ரேல் பிடித்தது. 1974 கடைசியில் ஜெருசலேமுக்குக் கிழக்கே ஒரு தொழிற்பேட்டையும், அதில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முகாமும் அமைக்க அன்றைய பிரதமர் ரபீனின் அரசு முடிவு செய்தது. ‘வேலையாட்கள் முகாம்’ என்பதுதான் காகிதத்தில் இருந்த பெயர். 1975இல் இருபது சொச்சம் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1977இல் பெகின் பிரதமராக ஆட்சிக்கு வந்ததும் முகாம் நிரந்தர ஊர் ஆனது. தாமஸ் லைட்டர்ஸ்டார்ஃப் என்ற கட்டடக்கலைஞரிடம் திட்டம் போடும் வேலையைக் கொடுத்தார்கள். ஊர் கட்டப்பட்டது முகாம் இருந்த இடத்தில் அல்ல. ஜெருசலேமுக்கு இன்னும் நெருக்கமாக, எரிகோ சாலையைப் பார்த்து நிற்கும் முகட்டில். 1979இல் உள்ளூர் மன்றம், 1991இல் நகரம். மேற்குக் கரைக் குடியேற்றங்களில் நகர அந்தஸ்து பெற்ற முதல் ஊர் அதுதான். இன்று சுமார் 38,000 பேர் வாழ்கிறார்கள். பேரங்காடி, நூலகம், பள்ளிக்கூடங்கள், நீச்சல்குளம் எல்லாம் உண்டு. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மார்டிரியஸ் மடத்தின் இடிபாடு, மொசைக் தரையோடு கிடக்கிறது. எங்கள் பயண நிரலில் அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

போய்க் குடியேறியவர்கள் எல்லோரும் கொள்கைவெறி பிடித்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெருசலேமில் வீட்டு விலை கையைக் கடிக்கிறது, இங்கே மலிவு, அரசாங்கச் சலுகை உண்டு, காரில் ஏறினால் சிறிது நேரத்தில் வேலைக்குப் போய்விடலாம். இந்தக் கணக்குப் போட்டு வந்தவர்களே அதிகம். நம்மில் யாராக இருந்தாலும் அந்தக் கணக்கைப் போட்டிருப்போம். பக்கத்து ஊர்க்காரனுக்கு அந்தக் கணக்கைப் போடவே வழியில்லை என்பதுதான் விஷயம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1975இல் அந்த இடத்தில் சுமார் 30,000 துனம் நிலம் பொதுத் தேவைக்கு என்று கையகப்படுத்தப்பட்டது. ஒரு துனம் ஆயிரம் சதுர மீட்டர், கால் ஏக்கருக்குத் துளி குறைவு. ஆக ஏறத்தாழ 7,400 ஏக்கர். அபு தீஸ், அல் ஐசாரியா, அனாட்டா, ஈசாவியா, அத்தூர் ஆகிய பாலஸ்தீன ஊர்களின் நிலம். அல் ஐசாரியா என்பது வேறெதுவும் இல்லை, நம் பெத்தானியாதான். லாசருவின் பெயர்தான் அரபியில் அப்படி ஆகியிருக்கிறது.

‘அவர்களிடம் பத்திரம் இருந்ததா?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. ஜோர்டான் ஆட்சியில் மேற்குக் கரை முழுவதையும் ஊர் ஊராக அளந்து உரிமையைப் பதிந்துகொண்டு வந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவில் முடிந்திருந்தபோது போர் வந்தது. 1968இல் ராணுவ உத்தரவு போட்டு அந்த வேலையை இஸ்ரேல் நிறுத்திவைத்தது. சர்வே பாதியில் நின்ற ஊரில் என்ன ஆகும் என்று எந்தக் கிராமக் கணக்கரைக் கேட்டாலும் சொல்வார். பாட்டன் காலத்திலிருந்து உழுதவனுக்கு வரப்பு தெரியும், வேலி தெரியும், கையில் காகிதம் இருக்காது. அப்புறம் ஒட்டோமான் காலத்து 1858ஆம் வருடச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, தொடர்ந்து பயிர் செய்யாத நிலம் அரசு நிலம் என்றார்கள். அந்த மலைகள் வானம் பார்த்த பூமி. மழை பெய்த வருடம் பார்லி விதைப்பார்கள், பெய்யாத வருடம் ஆடு மேய்ப்பார்கள். ஆடு மேய்ந்ததற்கு எந்தப் பதிவேட்டில் அத்தாட்சி இருக்கும்?

லாசருவின் கல்லறைக்கு இருபது சொச்சம் படி இறங்க வேண்டும், ஒரு படியும் சமமாக இல்லை. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறி வரும்வரை எதிர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். மாதுளைச் சாறு பிழிந்து விற்கும் பெரியவர், என்னைவிட மூத்தவர். தெருக்கோடிக்குக் கூட்டிப்போய்க் கிழக்கே கையை நீட்டினார். “அந்த மலையில் எங்கப்பா விதைப்பார். என் தம்பி அங்கே தரைக்கல் பதிக்கப் போனான். பத்து வருடம்,” என்றார், திக்கித் திக்கி ஆங்கிலத்தில். மேலே சொல்வார் என்று பார்த்தேன். சாற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சுற்றிலும் மொட்டைமாடி தோறும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். அங்கே குழாயில் என்றைக்கு வரும் என்று தெரியாது, வரும்போது பிடித்து வைக்க வேண்டும். எதிர் முகட்டுக் கூரைகளில் அந்தக் கறுப்புத் தொட்டி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகைகளும் ஆடுகளும் தெரிந்தன. ஜஹாலின் பெதூயின்கள். 1948 போருக்குப் பிறகு நெகேவ் பாலைவனத்திலிருந்து வந்தவர்கள். நகரம் விரிவடைந்தபோது, 1990களில், அவர்களில் பல குடும்பங்களை அப்புறப்படுத்தி அபு தீஸ் பக்கம், ஜெருசலேமின் குப்பை கொட்டப்படும் மேட்டை ஒட்டி இருத்தினார்கள். மிச்சமிருப்பவர்கள் வாழும் கான் அல் அஹ்மரில் பழைய டயரையும் மண்ணையும் கொண்டு 2009இல் கட்டிய ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த இடத்தை இடிக்க 2018இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டிவிட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது தள்ளிப்போனது.

இப்போது நீங்கள் செய்தியாக்கிய, அந்த 3,400 வீடுகள் வரவிருக்கும் ஈ-1 என்ற நிலப்பகுதி. உங்கள் தலைப்பில் 3,400 வீடு இருக்கிறது, பரப்பளவு செய்தியின் எந்த மூலையிலும் இல்லை. சுமார் 12 சதுர கிலோமீட்டர் அது, மாலே அதுமிம் நகர எல்லைக்குள்ளேயே வருகிறது, ஜெருசலேமுக்கும் அந்த நகரத்துக்கும் நடுவே கிடக்கிறது. அங்கே கட்டிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்; கிழக்கு ஜெருசலேம் மேற்குக் கரையிலிருந்து துண்டிக்கப்படும், வடக்கே ராமல்லா பக்கமும் தெற்கே பெத்லகேம் பக்கமும் தனித்தனியாகும். 2025 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது, செப்டம்பரில் பிரதமர் நெதன்யாகு அந்த நகரத்துக்கே வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாலே அதுமிம் நகர எல்லை மொத்தம் சுமார் 48 சதுர கிலோமீட்டர். டெல் அவிவ் ஐம்பதுக்குச் சற்று மேல்தான், அங்கே நாலரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 38,000 பேருக்கு எதற்கு இவ்வளவு எல்லை என்று உங்கள் நிருபருக்கு ஒரு கணம் தோன்றியிருந்தால் செய்தியே வேறாக இருந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆக்கிரமித்த நிலத்தில் தன் மக்களைக் குடியேற்றக் கூடாது என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தம். 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் தன் ஆலோசனைக் கருத்தில் அதை ஒட்டியே சொன்னது. இஸ்ரேல் ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் போடுங்கள். ‘சர்ச்சைக்குரிய’ என்று ஒரே அடைமொழியில் எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டாம்.

‘குடியிருப்பு’ என்பதை விட்டுவிட்டுக் ‘குடியேற்ற நகரம்’ என்று எழுதுங்கள். ஈழத்துப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்குக் ‘குடியேற்றம்’ என்ற சொல்லின் கனம் சொல்லாமலே விளங்கும், மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள். வீட்டுக் கணக்கோடு நிலக் கணக்கையும் போடுங்கள். வரைபடம் போடும்போது அளவுகோலும் வடக்கு அம்பும் இருக்கட்டும். நீங்கள் போட்ட படத்தில் எரிகோ ஜெருசலேமுக்கு மேற்கே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்,
உங்கள் நெடுநாள் வாசகர்