லூபஸ் நோயை எனக்கு விளங்க வைத்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

எனக்குச் சிகிச்சை அளித்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளே எவ்வாறு மூள்கிறது என்பதை விளங்க வைத்தவர்களுள் பலரை நான் சந்திக்கவே வாய்ப்பில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி லேப் டெக்னீஷியன் தம்பிக்கு. செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இரத்தத்தில் உள்ளனவா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனையின் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். இருட்டில் செல்களின் உட்கருக்கள் மட்டும் இளம்பச்சையாய் ஒளிர்ந்தன. "அதுல ஒட்டியிருக்கிறது உங்க ரத்தத்துல இருந்த ஆன்டிபாடிதான் அக்கா" என்றீர்கள். அறிக்கையில் வெறும் எண்ணாக இருந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வாதநோய் மருத்துவர் அம்மா மருந்துச்சீட்டின் பின்புறம் படம் வரைந்து விளக்கினார். கிருமியைப் பிடிக்க வேண்டிய பி செல் என்னும் வெள்ளணு, இறந்த செல்களிலிருந்து சிந்திய ஆர்.என்.ஏ. துணுக்கைப் பற்றி உள்ளிழுக்கும்போது, உள்ளே உள்ள டி.எல்.ஆர். 7 என்னும் உணர்வி அதை வைரஸ் என்று கொண்டுவிடுகிறது. டி உதவிச் செல்கள் என்னும் வேறு வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் 21 என்னும் தூண்டுபொருளைச் சுரந்து மேலும் ஊக்க, அந்த பி செல் பெருகி, எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறுகிறது. அந்த எதிர்ப்பொருள் உட்கருப் பொருளோடு பிணைந்து வேறு சில செல்களைத் தூண்ட, அவை வெளியிடும் இன்டர்ஃபெரான் என்னும் சமிக்ஞைப் புரதம் திரும்பவும் பி செல்களை உசுப்புகிறது. இந்தச் சுழற்சியில் உருவாகும் பிணைப்புகள் சிறுநீரகத்தில் படிந்ததால்தான் என் சிறுநீரில் புரதம் போயிற்று. உணவுப் பழக்கத்தையும் கவலையையும் காரணமாகச் சொல்லி என்னைக் குறைகூறிய உறவினர்களுக்கு அந்தச் சீட்டைத்தான் காட்டினேன்.

முகம் அறியாதவர்களுக்கு என் நன்றி இன்னும் பெரிது. ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியின் டி.எல்.ஆர். 7 மரபணுவில் இருந்த ஒரேயொரு மாற்றத்தை எலியில் புகுத்தியபோது எலிக்கும் லூபஸ் வந்ததை, நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் கரோலா வினுவேசாவின் குழு 2022இல் காட்டியது. அந்த மரபணு, பெண்களுக்கு இரண்டாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அமெரிக்கப் படையினரிடமிருந்து எடுத்துச் சேமித்திருந்த இரத்த மாதிரிகள், நோய் தெரியும் முன்பே, சிலருக்குப் பல ஆண்டுகள் முன்பே, எதிர்ப்பொருள்கள் தோன்றிவிடுவதை 2003இல் உணர்த்தின. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஓர் இளம்பெண், தன் டி செல்களையே மாற்றியமைத்துத் தன் பி செல்களை அழிக்கும் சிகிச்சைக்கு உடன்பட்டார். அவருடைய எதிர்ப்பொருள்கள் வீழ்ந்து நோய் தணிந்தது 2021இல் வெளியானது. முன்னுதாரணம் இல்லாத சிகிச்சைக்கு உடன்பட எத்தனை துணிவு வேண்டும் என்பது நோயாளிக்குத்தான் தெரியும்.

என் மருத்துவர் இரத்த மாதிரியை ஆய்வுக்குத் தர இயலுமா என்று கேட்டபோது, உங்கள் அனைவரையும் எண்ணியே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

நன்றியுடன்,
லூபஸ் நோயாளி ஒருத்தி